முப்பத்து மூன்று கன அங்குலம்

வீடு எனக்கு. நாய் அவனுக்கு.
பிரிட்டா வாரம் மாற்றி வாரம்.
ஹிப்பிங் நீதிமன்றம் தந்த பத்தொன்பது பக்கத்தில்
கராஜில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த நோவாவுக்கு
ஒரு வரிகூட இல்லை.
இருவருமே மறந்துவிட்டோம்.
மறந்துவிட்டதாகத்தான் இருவரும் சொல்லிக்கொள்கிறோம்.

ஆகவே செவ்வாய்தோறும் ஆறு மணிக்கு
வெண்டல் வருகிறான்,
வாசலில் பூட்ஸின் பனியை உதறிவிட்டு,
தானே கான்கிரீட் போட்ட தரைக்கு
விருந்தாளியாக.

பிளாக் என்னுடையது, முன்னூற்றைம்பது கன அங்குலம்.
கிராங்க் அவன் கொண்டுவந்தது.
மார்ச் மாத ஏரியின்மேல் வண்டி ஓட்டி
எவனோ மூழ்கடித்த வேனின் நானூறு எஞ்சினிலிருந்து.
அதன் கழுத்துகள் தடிமன்; என் பிளாக்கில் உட்காராது.
மாக்கியின் பட்டறையில் சாணை வைத்து இளைக்கவைத்தோம்.
"நம்மைப் போலவே..." என்று ஆரம்பித்தேன்.
"உவமை வேண்டாம்" என்றான்,
மைக்ரோமீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரி, உவமை இல்லாமலே சொல்கிறேன்.
சிலிண்டரை மயிரிழைதான் அகட்டினோம்.
பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்தான் நீண்டது,
கால் அங்குலமும் கொஞ்சம் கொசுறும்.
அந்தக் கொசுறுக்கு
ஒரு முழுக் குளிர்காலம்.

நீட்டிய கை எங்காவது இடிக்கத்தானே செய்யும்.
மெல்லச் சுற்றினோம்.
இரண்டாம் சிலிண்டரின் ராட் போல்ட்
பிளாக்கின் விளிம்பில், ணங்.
கழற்று. கிரைண்டரை எடு.
கொஞ்சம் ஆழமாகப் போனாலும் தண்ணீர் அறை;
ஓட்டை விழுந்தால்
இவ்வளவு இரும்பும் வெறும் படகு நங்கூரம்.
தேய்த்தது நான். டார்ச் பிடித்தது அவன்.
நடுங்கியது டார்ச்.

மாட்டு. சுற்று. ணங் இல்லை.
கேமுக்கும் போல்ட்டுக்கும் நடுவே
பேப்பர் கிளிப்பின் கம்பி போய்வந்தது.
"போதும்" என்றான். "போதும்" என்றேன்.
பதினோரு வருடக் கல்யாணத்தில்
ஒரே அளவைப் பார்த்து
இருவரும் அதைச் சொன்னதில்லை.

வால்வு பிஸ்டனில் முட்டுமா என்று பார்க்கக் களிமண் வேண்டும்.
பிரிட்டாவின் டப்பாவில் ஊதா உருண்டை ஒன்று,
ஜிகினா கலந்தது.
"அது யானைக்கு வெச்சிருக்கேன்."
"யானை எஞ்சினுக்குள்ள போய்ட்டு வந்துடும்" என்றான் வெண்டல்.
பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டை இறுக்கி,
இரண்டு சுற்றுச் சுற்றித் திறந்து,
கேக் வெட்டுவதுபோல் பிளேடால் கீறி அளந்தோம்.
இடம் இருந்தது.
யானை கொஞ்சம் சப்பையாகத் திரும்பிப் போனது.

ஏப்ரலில் ஸ்டார்ட் செய்தோம்.
புதுக் கேம் பழகும்வரை, இருபது நிமிடம்,
இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே இறக்கக் கூடாது.
இருபது நிமிடம் யாரும் எதுவும் பேச முடியாது.
அவன் ஆயில் முள்ளைப் பார்த்தான்,
நான் கடிகாரத்தை,
பிரிட்டா காதுகளைப் பொத்திக்கொண்டு
எங்கள் இருவரையும்.
எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, மூடியது,
பிறகு திறந்தே இருந்தது.

சூடு ஆறியதும் ஆயிலை வடித்து
ஃபில்டரை அறுத்து விரித்தால்
மடிப்பில் ஒரு மினுக்கல்.
வெண்டல் அப்படியே வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.
பேரிங் என்றால் எல்லாம் முதலிலிருந்து.
காந்தத்தைக் காட்டினேன், ஒட்டவில்லை.
அதில் ஆறுதல் ஒன்றுமில்லை; பேரிங் பூச்சும் ஒட்டாதுதான்.
நக நுனியில் எடுத்து
விளக்கடியில் பிடித்தேன்.
ஊதா.

எந்த பேரிங்கும் ஊதாவாகத் தேய்வதில்லை.
வாளி உருள உருளச் சிரித்தான்.
பிரிட்டா எட்டிப் பார்த்து
அது யானையின் காது என்றாள்.

"ஐநூறு மைலில் திரும்பவும் ஆயில் மாத்தணும்."
"மாத்தணும்."
அன்று வியாழக்கிழமை.
மூவரில் யாரும்
அதைச் சொல்லவில்லை.